எலக்ட்ரான் யந்திரமும் எண்ணூர்ச் சாம்பலும்

சென்ற வாரம் ஒரு மாலையில் எம்.கே.பி. நகரில் தோழர்கள் சிலர் கூடிப் பேசிக்கொண்டிருந்த இடத்திற்கு நாம் போயிருந்தோம். அணுவின் உட்பொருளை ஆராய்வதற்காக உலகத்தில் கட்டப்பட்டிருக்கும் பெரும் பெரும் யந்திரங்களைப் பற்றி அங்கு பேச்சு வந்தது. அப்போது துறைமுகத்தில் வேலை பார்க்கும் தோழர் ஒருவர் எழுந்து, "ஐயா, கண்ணுக்கே தெரியாத ஏதோ ஒன்றைச் சுற்றிச் சுற்றி ஓட விடுவதற்கு ஓர் ஊருக்கே போதுமான மின்சாரத்தை எரிக்கிறார்களாமே! மின்சாரம் செய்கிற இடத்துச் சாம்பலைத் தின்கிறவன் எண்ணூர்க்காரன். அந்த மின்சாரத்தை எரித்துப் பட்டமும் பரிசும் வாங்குகிறவன் வேறொருவன். இதில் நமக்கென்ன பிரயோஜனம்?" என்று கேட்டார். அவர் உட்காருவதற்குள் பக்கத்தில் இருந்த மற்றொருவர், "கண்ணுக்குத் தெரியாத எலக்ட்ரானை நீங்கள் நம்பலாம், கண்ணுக்குத் தெரியாத கடவுளை நாங்கள் நம்பினால் மட்டும் மூடநம்பிக்கையோ?" என்று ஒரு போடு போட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டு கேள்விகளில் பின்னது கேட்பதற்குக் கெட்டிக்காரத்தனமாய் இருந்தாலும் பதில் சொல்லுவதற்கு மிகவும் சுலபமானது. முன்னது அப்படியல்ல. அது நியாயமான கேள்வி. விஞ்ஞானம் என்று சொன்னவுடன் கன்னத்தில் போட்டுக்கொண்டு பேசாமலிருக்க வேண்டும் என்று நாம் யாருக்கும் சொல்லவில்லை. ஆதலால் சுலபமானதை முதலில் முடித்துவிட்டு, மற்றதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத ஆசைப்படுகிறோம்.

எலக்ட்ரான் என்பது 1897 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜே. ஜே. தாம்ஸன் என்பவரால் சோதனை செய்து காட்டப்பட்ட பொருள். அதை நம்பும்படி அவர் யாரையும் கெஞ்சவுமில்லை, நம்பாதவனுக்கு நரகம் என்று மிரட்டவுமில்லை. நம் பக்கத்துக் காயலான் கடைகளில் இன்னும் ஒன்றிரண்டு கிடக்கும் பழைய டெலிவிஷன் பெட்டியைப் பாருங்கள். அதன் கண்ணாடிக் குழாயின் கழுத்தில் ஒரு கம்பி சூடேறி எலக்ட்ரான்களைக் கக்குகிறது. இருபது, இருபத்தையாயிரம் வோல்ட் அழுத்தம் அவற்றை இழுத்து எதிரிலுள்ள திரையின்மேல் அடிக்கிறது. அடிபட்ட இடம் ஒளிவிடுகிறது. அதுதான் நாம் பார்த்த படம். அந்தத் திரைக்கு அருகே ஒரு காந்தத் துண்டைக் கொண்டுபோனால் படம் கோணிக்கொள்ளும். இதைச் செய்துபார்த்து வீட்டில் அடிவாங்காத பிள்ளைகள் அந்தக் காலத்தில் குறைவு. காந்தத்தைப் பிடிப்பவன் ஆஸ்திகனானாலும், நாஸ்திகனானாலும், எந்த ஜாதிக்காரனானாலும் படம் ஒரே மாதிரியாகத்தான் கோணும். எவன் வந்து எத்தனை முறை கேட்டாலும் ஒரே பதிலைச் சொல்லுவது எதுவோ அதைத்தான் நாம் ஒப்புக்கொள்ளுகிறோம். இதற்கு நம்பிக்கை என்று பெயரில்லை.

நிற்க, அந்தப் பழைய டெலிவிஷன் குழாய்தான் நாம் இன்று பேசப் புகுந்த யந்திரத்தின் சின்னத் தம்பி. எலக்ட்ரானை வேகங்கொள்ளச் செய்யும் யந்திரத்தை ஆக்சிலரேட்டர் என்றும், தமிழில் முடுக்கி என்றும் சொல்லுகிறார்கள். ஒரு வோல்ட் அழுத்தத்தில் ஓர் எலக்ட்ரான் அடையும் சக்திக்கு ஓர் எலக்ட்ரான் வோல்ட் என்று பெயர். டெலிவிஷன் குழாயில் அது இருபதாயிரத்துச் சொச்சம். ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் யந்திரத்தில் அது பல இலட்சம். ஆராய்ச்சி யந்திரங்களில் அது கோடிக்கணக்கில் போகிறது.

அத்தனை கோடி வோல்ட்டை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்க முடியாது. மின்னல் போல் வெட்டிக்கொண்டு போய்விடும். அதற்கு ஒரு யுக்தி கண்டுபிடித்தார்கள். ஊஞ்சலில் இருக்கும் குழந்தையை ஒரே தள்ளாக மரத்துக்குமேல் தள்ளிவிட யாராலும் முடியாது. ஆனால் ஊஞ்சல் திரும்பி வரும் சமயம் பார்த்துச் சிறிது சிறிதாகத் தள்ளிக்கொண்டே இருந்தால் அது உயர உயரப் போகும். அதுபோலவே தாமிரத்தில் செய்த வெற்றறைகளுக்குள் மைக்ரோவேவ் அலைகளைச் செலுத்தி, எலக்ட்ரான் ஒவ்வோர் அறையைக் கடக்கும்போதும் சமயம் பார்த்து ஒரு தள்ளு கொடுப்பதுதான் அந்த யுக்தி. நார்வேக்காரரான விடரோ என்பவர் 1928 ஆம் ஆண்டில் இம்மாதிரித் தள்ளிக் காட்டினார். அலைகளைப் பலமாக உண்டாக்கும் கிளைஸ்ட்ரான் என்னும் குழாயை 1937 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வேரியன் சகோதரர்கள் செய்தார்கள். 1947 ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் ஹான்ஸன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் இம்முறையில் எலக்ட்ரான்களை ஒரே நேர்கோட்டில் ஓட்டிக் காட்டினார்கள்.

இதனால் கண்ட பலன் என்ன என்றுதானே துறைமுகத் தோழர் கேட்டார்? 1953 ஆம் ஆண்டில் லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் இதே யந்திரத்தைக்கொண்டு புற்றுநோயாளி ஒருவருக்குச் சிகிச்சை செய்தார்கள். பௌதிகக்காரன் தன் ஆராய்ச்சிக்காகச் செய்த யந்திரம் ஆறு வருஷத்திற்குள் வைத்தியனுடைய கைக்கு வந்துவிட்டது. இன்று நம் ஊரில் புற்றுநோய்க்குக் கதிர் வாங்கப் போகிறவர்கள் "லினாக்" என்று சொல்லும் யந்திரம் இதுவேயாகும். மற்றொரு பக்கத்தில், அதே ஸ்டான்போர்டில் 1966 ஆம் ஆண்டில் இரண்டு மைல் நீளத்திற்கு ஒரு யந்திரத்தைக் கட்டி, அதிலிருந்து வந்த எலக்ட்ரான்களைப் புரோட்டானின்மேல் மோதவிட்டுப் பார்த்ததில், அதுவரை உடையாத மணி என்று நினைத்திருந்த புரோட்டானுக்குள்ளும் இன்னும் சிறிய பொருள்கள் இருக்கின்றன என்பது தெரிய வந்தது. அதற்காக 1990 ஆம் ஆண்டில் மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே பிரயோஜனம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் செலவு? இங்கேதான் தோழர் கேட்ட கேள்விக்கு உயிர் இருக்கிறது.

எலக்ட்ரானை நேர்கோட்டிலேயே ஓட்டினால் யந்திரம் மைல் கணக்கில் நீளும். நீளத்தைக் குறைக்க வேண்டி வட்டமாகச் சுற்றவிட்டாலோ வேறொரு சங்கடம் வந்து சேருகிறது. வளைந்து ஓடும் எலக்ட்ரான் தன் சக்தியை ஒளியாக வாரி இறைத்துக்கொண்டே போகிறது. ஒரே வட்டத்தில் சக்தியை இரண்டு மடங்கு ஆக்கினால் இந்த நஷ்டம் பதினாறு மடங்கு ஆகிறது. ஜெனிவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் 1989 முதல் 2000 வரையில் ஓர் எலக்ட்ரான் யந்திரம் ஓடிற்று. அதில் எலக்ட்ரான் ஒரு வினாடிக்குப் பதினோராயிரம் தடவைக்குமேல் சுற்றியது. கடைசிக் காலத்தில் ஒவ்வொரு சுற்றிலும் தன் சக்தியில் நூற்றுக்கு மூன்று பங்கு போல இழந்துகொண்டிருந்தது. இழந்ததையெல்லாம் சுற்றுக்குச் சுற்று மின்சாரத்தால் ஈடுசெய்ய வேண்டியிருந்தது. யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான்.

அதே சுரங்கத்தில் இப்போது இருப்பது புரோட்டான் யந்திரம். அது முழு வேகத்தில் ஓடும்போது செர்ன் நிலையத்துக்கு மொத்தத்தில் ஏறக்குறைய 200 மெகாவாட் மின்சாரம் வேண்டும். 200 மெகாவாட் என்றால் எவ்வளவு என்பதை எண்ணூர்க்காரருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின்நிலையத்தின் முதல் பகுதியில் 210 மெகாவாட் யந்திரங்கள் மூன்று இருக்கின்றன. அவற்றில் ஒன்று இரவு பகல் உழைத்தால்தான் அந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்திற்குக் கட்டுப்படியாகும். குளிர்காலத்தில் மின்சாரம் கிராக்கியாய் இருப்பதால் அங்கே அந்த மாதங்களில் யந்திரத்தை நிறுத்திப் பழுது பார்ப்பது வழக்கம். ஐரோப்பாவில் மின்சார நெருக்கடி வந்த 2022 ஆம் ஆண்டில் வழக்கத்திற்கு இரண்டு வாரம் முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். பணக்கார தேசங்களே கணக்குப் பார்க்கும்போது நாம் கணக்குப் பார்ப்பதில் வெட்கம் எதற்கு?

நாம் பார்க்க வேண்டியதற்கு அவர்களைவிட அதிகமான காரணம் உண்டு. கத்திவாக்கத்திற்கு அருகிலிருந்த பழைய எண்ணூர் அனல் மின்நிலையம் 2017 ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அத்திப்பட்டிலும் வல்லூரிலும் நிலக்கரி எரிந்துகொண்டுதான் இருக்கிறது. எரிந்த கரி சாம்பலாகிறது. அந்தச் சாம்பல் தண்ணீரில் கரைக்கப்பட்டுக் குழாய் வழியே போகிறது. குழாய் உடைந்தபோதெல்லாம் அது கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் கொட்டியிருக்கிறது. இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்த காட்டுக்குப்பத்துக்காரரைக் கேட்டால் ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை மின்சார மீட்டரில் காட்டுவது மாத்திரம் அல்ல என்று சொல்லுவார். சாம்பல் குட்டைக்குப் பக்கத்தில் கிடக்கும் செப்பாக்கம் கிராமத்துத் தாய்மாரைக் கேட்டால் இன்னும் அதிகமாகச் சொல்லுவார்கள். ஆதலால் ஒரு யந்திரம் எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பது வெறும் பணக் கணக்கு அல்ல. அது யாருடைய நெஞ்சில் போய்ப் படிகிறது என்ற கணக்காகும்.

இதைச் சொல்லிவிட்டு, "ஆகையால் ஆராய்ச்சியே வேண்டாம்" என்று முடிப்பது சோம்பேறிகளின் வேலை. மின்சாரம் எந்த ஓட்டை வழியாய் ஒழுகுகிறது என்று பார்த்து அடைப்பதே அறிவாளியின் வேலை. நல்ல காலமாக உலகத்தில் பலர் இப்போது இந்த வேலையிலே இறங்கியிருக்கிறார்கள். அவர்கள் கண்ட ஓட்டைகள் முக்கியமாக மூன்று.

முதலாவது, தாமிர அறை. உள்ளே செலுத்தும் அலையின் சக்தியில் பெரும் பகுதி எலக்ட்ரானுக்குப் போய்ச் சேராமல் அறைச் சுவரைச் சூடாக்குவதிலேயே கழிந்துவிடுகிறது. இதற்குப் பரிகாரமாக நையோபியம் என்ற உலோகத்தில் அறை செய்து, அதைப் பூஜ்யத்துக்குக் கீழே 271 டிகிரி வரையில் குளிர வைத்தால், மின்சாரத்திற்குத் தடையே அநேகமாக இல்லாமற் போகிறது. சுவர் சூடாவதும் நிற்கிறது. ஆனால் அந்தக் குளிரைக் காப்பதற்கே தனிச் செலவு. அங்கே ஒரு வாட் உஷ்ணத்தை வெளியே எடுக்க இங்கே பல நூறு வாட் மின்சாரம் கம்பிரசருக்குக் கொடுக்க வேண்டும். ஆகவே நையோபியத்தின்மேல் வெள்ளீயம் கலந்த ஒரு பூச்சைக் கொடுத்துப் பார்த்தார்கள். அது அவ்வளவு கடுங்குளிர் இல்லாமல், இரண்டு டிகிரி கூடுதலாய் இருந்தாலும் வேலை செய்கிறது. அந்த இரண்டு டிகிரி நமக்கு அற்பமாய்த் தோன்றும். ஆனால் அந்த இடத்தில் செலவைச் சில மடங்கு குறைத்துவிடுகிறது. 2020 ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் பெர்மி ஆய்வுக்கூடம், கார்னெல் சர்வகலாசாலை முதலிய இடங்களில் இத்தகைய அறையைத் திரவ ஹீலியத் தொட்டியே இல்லாமல், கடையில் விலைக்குக் கிடைக்கும் சிறிய குளிர் யந்திரத்தைக் கொண்டே ஓட்டிக் காட்டினார்கள். ஒரு பெரிய தொழிற்சாலை செய்த வேலையை ஓர் அலமாரி செய்வது போன்றது இது.

இரண்டாவது, காந்தம். எலக்ட்ரானை வளைப்பதற்கு வேண்டிய மின்காந்தங்கள் எலக்ட்ரான் ஓடும் நேரமெல்லாம் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். நமது கூட்டங்களில் கட்டும் ஒலிபெருக்கிக்குள் இருக்கிறதே, அந்தமாதிரி நிலைக் காந்தத்துக்கு மின்சாரமே வேண்டாம். அதை வேண்டிய அளவுக்குத் துல்லியமாகச் செய்வதுதான் கஷ்டமாயிருந்தது. இப்போது அதுவும் கைவந்துவிட்டது. பிரான்ஸில் கிரெனோபிள் நகரத்திலுள்ள பெரிய எலக்ட்ரான் வளையத்தைத் திருத்தி 2020 ஆம் ஆண்டில் மறுபடி ஓட்டியபோது அதன் முக்கியமான வளைப்புக் காந்தங்களை நிலைக் காந்தங்களாகவே வைத்துவிட்டார்கள்.

மூன்றாவது ஓட்டை எல்லாவற்றிலும் பெரியது. நேர்கோட்டு யந்திரத்தில் அத்தனை மின்சாரத்தைக் கொட்டி வேகங்கொள்ளச் செய்த எலக்ட்ரான்கள், சோதனை முடிந்ததும் ஓர் உலோகக் கட்டியில் மோதி வெறும் சூடாய் ஒழிந்துபோகின்றன. அந்தக் கட்டியைக் குளிர வைக்க வேறு செலவு. அதிலிருந்து கிளம்பும் கதிருக்கு மறைப்புக் கட்ட வேறு செலவு. கல்யாணத்துக்குச் சமைத்த சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுக் குழி தோண்டிப் புதைப்பதற்கு இது சமானம் அல்லவா? கார்னெல் சர்வகலாசாலையிலிருந்த டிக்னர் என்பவர் 1965 ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு வழி எழுதினார். திருவொற்றியூருக்குப் போகும் மெட்ரோ ரயிலில் பிரேக் போடும்போது வண்டியின் ஓட்டமே மின்சாரமாக மாறிக் கம்பிக்குத் திரும்பிப் போகிறது. அதை வேறு வண்டி எடுத்துக்கொள்ளுகிறது. அதுபோல, வேலை முடித்த எலக்ட்ரான்களை மறுபடியும் அதே அறைக்குள், தள்ளும் சமயத்தில் விடாமல் பின்னுக்கு இழுக்கும் சமயம் பார்த்து விட்டால், அவை தம் சக்தியை அறைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு மெதுவாக வெளியே வரும். அடுத்துப் புறப்படும் எலக்ட்ரான்கள் அதே சக்தியை வாங்கிக்கொண்டு ஓடும். சொல்லி ஐம்பத்து நான்கு வருஷங்களுக்குப் பிறகு, 2019 ஆம் ஆண்டு டிசம்பரில், அதே கார்னெலில், எலக்ட்ரான்களை நான்கு தரம் ஏற்றி நான்கு தரம் இறக்கி அவ்வளவு சக்தியையும் திரும்பப் பெறும் யந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள். அதன் சக்தி 15 கோடி எலக்ட்ரான் வோல்ட். போகும் வழிக்கும் திரும்பும் வழிக்கும் ஒரே நிலைக் காந்த வளையமே போதுமானதாயிருந்தது.

இவ்விடத்தில் வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை செய்ய வேண்டியிருக்கிறது. சின்னதாயிருப்பதெல்லாம் சிக்கனமாயிருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. தாஜிமா, டாஸன் என்ற இருவர் 1979 ஆம் ஆண்டில் ஒரு யோசனை சொன்னார்கள். வாயுவின்மேல் பலத்த லேசர் ஒளியை அடித்தால், படகு போன வழியில் அலை எழுவது போல் மின் அலை எழும். அதன்மேல் எலக்ட்ரானை ஏற்றிவிடலாம் என்பது அது. அந்தப்படியே அமெரிக்காவில் பெர்க்லி ஆய்வுக்கூடத்தார் 2014 ஆம் ஆண்டில் 9 சென்டிமீட்டர் தூரத்தில் 420 கோடி எலக்ட்ரான் வோல்ட்டும், 2019 ஆம் ஆண்டில் 20 சென்டிமீட்டரில் 780 கோடியும் எடுத்துக் காட்டினார்கள். மைல் கணக்கான யந்திரம் ஒரு சாண் ஆகிவிட்டது! கேட்பவர்களுக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு சாணுக்குப் பின்னால் இருக்கும் லேசர் ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதையும், அது வாங்கும் மின்சாரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஒளியாகத் தேறுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு யோக்கியமான கணக்காகும். அந்த வழி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. லேசரும் நாளுக்கு நாள் திருந்தி வருகிறது. ஆனால் அதிசயத்தைக் கண்டு வாயைப் பிளப்பதற்கு நாம் கோவில் திருவிழாவில் நிற்கவில்லை. "எவ்வளவு உள்ளே போயிற்று, எவ்வளவு வெளியே வந்தது?" என்ற கேள்வியை விஞ்ஞானியிடமும் கேட்கவேண்டியதுதான். யோக்கியமான விஞ்ஞானி அதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டான்.

இனி நம் தேசத்து நிலைமையைப் பார்ப்போம். "இதெல்லாம் வெள்ளைக்காரனுக்குத்தான் முடியும்" என்று சொல்லுகிறவர்களுக்கு ஒரு சேதி. இந்தூரில் சர்க்கார் நடத்தும் ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தில் எலக்ட்ரான் வளையங்கள் இரண்டு இருக்கின்றன. இண்டஸ்-1 என்பது 1999 ஆம் ஆண்டிலிருந்து 45 கோடி எலக்ட்ரான் வோல்ட்டில் ஓடக்கூடியது. சுற்றளவு ஏறக்குறைய 19 மீட்டர்தான். இண்டஸ்-2 என்பதில் 2005 ஆம் ஆண்டில் எலக்ட்ரான்கள் சுற்றத் தொடங்கின. அதன் சக்தி 250 கோடி, சுற்றளவு 172.5 மீட்டர். அதில் எலக்ட்ரான் சுற்றுக்கு ஆறு இலட்சம் எலக்ட்ரான் வோல்ட்டுக்குமேல் ஒளியாக இழக்கிறது. ஆனால் அங்கே அந்த ஒளியேதான் வேண்டிய சரக்கு. நஷ்டம் என்று எதைச் சொன்னோமோ அதையே கொண்டு மருந்தின் அணுக்கட்டையும், உலோகத்தின் உட்புறத்தையும் பார்க்கிறார்கள். இந்த ஒளியை மனிதன் யந்திரத்தில் முதன்முதலில் கண்ணால் கண்டது 1947 ஆம் ஆண்டில்தான். இண்டஸ்-2 வளையத்திற்குத் தொடக்கத்தில் அலை கொடுத்துவந்த கிளைஸ்ட்ரான் குழாய்களின் வேலையை இப்போது அங்கேயே செய்த டிரான்சிஸ்டர் யந்திரங்கள் செய்கின்றன. ஒரு துண்டு கெட்டால் மற்றவை ஓடும். கெட்ட துண்டை மாத்திரம் கழற்றி மாற்றலாம்.

அந்த வளையங்களுக்கு முதலில் எலக்ட்ரானைக் கொடுப்பது மைக்ரோட்ரான் என்னும் சிறு யந்திரம். ருஷ்யாவில் வெக்ஸ்லர் என்பவர் 1944 ஆம் ஆண்டில் கண்ட யோசனை இது. ஒரே ஓர் அறை, ஒரே ஒரு காந்தம். எலக்ட்ரான் அந்த அறையையே திரும்பத் திரும்பக் கடந்து, கடக்குந்தோறும் ஒரு தள்ளு வாங்கிக்கொண்டு, சற்றுப் பெரிய வட்டத்தில் சுற்றி வருகிறது. ஓர் ஆணியில் சிறிதும் பெரிதுமான வளையல்களை மாட்டி வைத்தால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கும் அதன் பாதை. இந்தூரில் உள்ளது 2 கோடி எலக்ட்ரான் வோல்ட். அதே இந்தூர்க்காரர்கள் 80 இலட்சம் எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு மைக்ரோட்ரானைச் செய்து மங்களூர் சர்வகலாசாலைக்குக் கொடுத்தார்கள். அது ஒரு சாதாரணக் கட்டடத்தில் அடங்கிப்போகும் யந்திரம். மங்களூரில் பௌதிகம் படிக்கும் பிள்ளைகள் அதில் சோதனை செய்து பட்டம் வாங்கியிருக்கிறார்கள். பௌதிகம் மாத்திரமல்ல, கதிர் பட்டால் விதை என்னாகும், பிளாஸ்டிக் என்னாகும் என்பதெல்லாம் அங்கே பார்க்கப்பட்டது.

மங்களூரில் முடிந்த காரியம் வியாசர்பாடியில் ஏன் முடியாது என்று நாம் கேட்கின்றோம். எம்.கே.பி. நகரிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் டாக்டர் அம்பேத்கர் அரசினர் கலைக் கல்லூரி இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயா கல்லூரி இருக்கிறது. இவற்றில் படிக்கும் பிள்ளைகள் புத்தகத்தில் படம் பார்த்து எலக்ட்ரானைத் தெரிந்துகொண்டால் போதும், யந்திரத்தைத் தொட்டுப் பார்க்க வேறு ஜனங்கள் இருக்கிறார்கள் என்பது எந்த நியாயம்? யந்திரம் பெரிதாயிருக்கும்வரையில் அதற்கு ஒரு சாக்கு இருந்தது. ஒரு தேசத்துக்கு ஒன்றுதான் கட்ட முடியும், அதனால் எங்கேயோ ஓரிடத்தில்தான் இருக்கும், அங்கே போய்ச்சேரப் பணமும் சிபாரிசும் இங்கிலீஷும் உள்ளவன்தான் நுழைவான் என்று சொல்லிவிடலாம். யந்திரம் சின்னதாகி, கரண்டுச் செலவும் குறைந்த பின்பு அந்தச் சாக்கு எங்கே போய் நிற்கும்? ஊருக்கு ஒரே கிணறு இருந்து அதுவும் ஒரு தெருவுக்குள் இருந்த காலத்தில் தண்ணீருக்கு யார் யார் தயவு வேண்டியிருந்தது என்பதும், தெருவுக்குத் தெரு குழாய் வந்தபின் அந்தத் தயவு என்ன ஆயிற்று என்பதும் நம் மக்களுக்குத் தெரியாததல்ல.

அன்றியும் இந்த யந்திரத்தைச் செய்யும் கைகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆக்சிலரேட்டர் என்றால் ஏதோ கணக்குப் புலிகள் காகிதத்தில் எழுதுவது மாத்திரம் என்று நினைக்க வேண்டாம். மயிரிழை பிசகாமல் தாமிரத்தைக் கடைய வேண்டும். காற்று ஒரு துளியும் புகாமல் பற்றவைக்க வேண்டும். உள்ளிருக்கும் காற்றைச் சுத்தமாய் உறிஞ்ச வேண்டும். தண்ணீர் ஓடவிட்டு உஷ்ணம் ஒரே அளவில் இருக்கும்படி காக்க வேண்டும். திருவொற்றியூர்ப் பட்டறைகளில் கடைசல் பிடிக்கிறவரும், 1955 முதல் பெரம்பூரில் ரயில் பெட்டி செய்கிறவர்களின் பிள்ளைகளும், காசிமேட்டு ஐஸ் பாக்டரியில் கம்பிரசரின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லுகிறவரும் இந்த வேலைக்கு அன்னியர்களா? அவர்களுக்குக் கணக்கைக் கற்றுக்கொடுங்கள். கணக்குத் தெரிந்தவனுக்கு அவர்களிடம் கைவேலையைக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே மேசையில் உட்காராத தேசத்தில் யந்திரம் இறக்குமதிதான் ஆகும்.

"கதிர் யந்திரத்தை ஜன நெருக்கமான இடத்தில் வைப்பது ஆபத்தல்லவா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேட்க வேண்டியதுதான். கனமான கான்கிரீட் சுவர் வேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியும் சோதனையும் வேண்டும். அதில் ஓர் அணுவளவும் விட்டுக்கொடுக்கலாகாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோபால்ட் போன்ற கதிர்ப் பொருள் இரவும் பகலும் கதிர்விட்டுக்கொண்டே இருக்கும்; அதை நிறுத்த ஸ்விட்ச் கிடையாது. 2010 ஆம் ஆண்டில் டில்லி மாயாபுரியில் பழைய சாமானோடு சாமானாகக் கோபால்ட் வந்து சேர்ந்து, அது இன்னதென்று தெரியாமல் உடைத்த காயலான் கடைத் தொழிலாளர்கள் நோய்வாய்ப்பட்டு, ஒருவர் மாண்டும் போனார். சின்ன எலக்ட்ரான் யந்திரமோ ஸ்விட்சை அணைத்தால் கதிரும் நின்றுவிடும். அது ஒருகாலத்தில் காயலான் கடைக்கு வந்தாலும் வெறும் தாமிரமும் இரும்புமாகத்தான் வரும். பழைய சாமான் உடைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் மலிந்த நம் பக்கத்துக்கு இது சாமானியமான விஷயமல்ல.

பெரிய யந்திரமே உலகத்தில் வேண்டாம் என்பது நமது அபிப்பிராயம் அல்ல. புரோட்டானுக்குள் பார்க்க இரண்டு மைல் யந்திரந்தான் வேண்டியிருந்தது. 80 இலட்சம் எலக்ட்ரான் வோல்ட்டில் அது நடக்காது. இன்னும் பெரியவையும் வேண்டியிருக்கலாம். ஆனால் அவற்றைக் கட்டும் முன்பு, ஒழுகும் ஓட்டைகளை அடைத்தாயிற்றா, திரும்பப் பெறக்கூடிய சக்தியைத் திரும்பப் பெற்றாயிற்றா என்று கேட்டுவிட்டுக் கட்டட்டும். பெருமைக்காகக் கட்டும் யந்திரத்துக்கும் பெருமைக்காகக் கட்டும் கோபுரத்துக்கும் வித்தியாசம் காண நம்மால் முடியவில்லை. நம் தேசத்துச் சர்க்காரும் சர்வகலாசாலைகளும் ஒரு பெரிய யந்திரத்திற்கு ஆசைப்படும்போதே, அதில் ஒரு சிறு பங்கை ஒதுக்கிப் பத்துக் கல்லூரிகளில் பத்துச் சிறு யந்திரங்களை, அதுவும் குறைந்த மின்சாரத்தில் ஓடும்படி புதிதாக யோசித்துச் செய்த யந்திரங்களை, வைக்க ஏற்பாடு செய்யவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம். அந்தப் பத்தில் ஒன்று, மின்சாரத்துக்காக இதுவரை சாம்பலை மாத்திரம் பங்காகப் பெற்ற வட சென்னைக்கு வரவேண்டும்.

துறைமுகத் தோழருக்கு நாம் சொல்லும் பதில் இதுதான். உங்கள் கேள்வி நியாயமானது, அதை விட்டுவிடாதீர்கள். உங்கள் மகனையும் மகளையும் பௌதிகம் படிக்க வையுங்கள். அவர்கள் நாளைக்கு அந்த யந்திரத்தின் முன் நின்று அதே கேள்வியைக் கேட்டு, அது தின்னும் மின்சாரத்தைப் பாதியாகக் குறைத்துக் காட்டட்டும். அத்திப்பட்டில் அன்றைக்கு எரியாமல் மிஞ்சும் கரிக்குச் சாம்பல் கிடையாது என்பதை யோசித்துப் பாருங்கள்.